பட்டினி மருந்து

நிங் ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தபோது, காய்ச்சலில் கிடந்த ஒன்பது வயதுச் சக்கரவர்த்தி அந்தத் துணியைக் கடித்துச் சப்பினான்.

“விட்டுடுங்க மகராசா,” என்று கெஞ்சினாள்.

அவள் பெற்ற பிள்ளைதான். ஆனால் ஐந்து வயதில் அரியணையில் தூக்கி உட்காரவைத்த அன்றே அவன் பெரிய ராணியின் மகனாகிவிட்டான். அவளைத்தான் அம்மா என்று அழைக்க வேண்டும், நிங் சின்னம்மா. நான்கு வருட ஆட்சி. அரியணைக்குப் பின்னால் மஞ்சள் திரை, அதற்குப் பின்னால் பெரிய ராணி. உத்தரவெல்லாம் அங்கிருந்துதான் வரும். கால் தரைக்கு எட்டாமல், ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் இவன் வேலை.

“கெங், இந்த நாட்டுத் தானியமெல்லாம் யாருது?”

“உங்களுதுதான் மகராசா,” என்றான் பணியாள் கெங்.

“அப்போ ஒரு கரண்டி கொண்டா.”

கெங் துணியை மறுபடி நனைத்து நிங்கிடம் கொடுத்தான்.

அரண்மனைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் மருந்து பட்டினி. வயிற்றில் தேங்கிய சாப்பாடுதான் சூட்டை மூட்டுகிறது, விறகை உருவினால் அடுப்பு தானே அணைந்துவிடும் என்பது வைத்தியர்களின் நம்பிக்கை. ஒன்றிரண்டு நாளில் தேறி எழுந்த பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் அந்த முறை இத்தனை தலைமுறை நிலைத்தது. இன்று ஐந்தாம் நாள்.

கெங் அவள் காதருகே குனிந்தான். “சின்ன ராணிம்மா, தினைக்கஞ்சி வெதுவெதுன்னு வச்சிருக்கேன். ரெண்டு வாய் ஊட்டுங்க. நான் பாக்கல.”

அவள் பிறந்த வீட்டில் காய்ச்சலுக்குத் தினைக்கஞ்சிதான். தம்பிகள் மூவரும் அதைக் குடித்துத்தான் எழுந்தார்கள். அவளுக்குத் தெரியும். ஆனால் கஞ்சி குடித்தபின் இவன் செத்தால், கொன்றவள் அவள். குடிக்காமல் செத்தால் யார்மேலும் பழியில்லை. இதை யோசித்து முடிக்க அவளுக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை.

“வேணாம். வைத்தியர் வந்து சொல்லட்டும்.”

பையனுக்குக் கேட்டுவிட்டது. “சரி சின்னம்மா,” என்றான், அரியணையில் உட்கார்ந்து மந்திரிகளிடம் பேசுகிற குரலில். அதன்பின் எதுவும் கேட்கவில்லை. வைத்தியர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பெரிய ராணி வந்து, போர்வையை அவன் முகம் மூட இழுத்துவிட்டாள்.

“பெத்த வயிறு. ஆனாலும் நீ முறைய மீறல. நாளைக்கு உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது,” என்றாள். “உனக்கு ஒரு படி பதவி கூடுது.”

நன்றி சொல்ல நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். நிங் வைத்தாள். எழச் சொன்ன பிறகும் முகத்தைத் தூக்கவில்லை. துக்கம் தாளாமல் கிடக்கிறாள் என்று தாதிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிற்பகல் அவள் அறைக்குச் சாப்பாடு வந்தது. துக்க காலம், இறைச்சி இல்லை. காளான், தாமரைக் கிழங்கு, தோஃபு. புதிய பதவிக்கு உரிய இரண்டு தட்டுகள் அதிகமாக. கெங் பரப்பி வைத்தான்.

எடுத்துட்டுப் போ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“கதவைச் சாத்திட்டுப் போ,” என்றாள்.

அவன் காலடி ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு, கிண்ணத்தில் சாப்பாட்டுக் குச்சி படும் ஓசை வெளியே கேட்டுவிடாதபடி மெதுவாகச் சாப்பிடத் தொடங்கினாள்.