பொது மூடி

பெயின்டருக்கு ஒரு விஷயத்தில் தலைக்கனம் உண்டு. ஊசியில் போதை ஏற்றுகிறவர்களில் தன்னைப் போல் சுத்தக்காரன் கிடையாது என்பான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எச்.ஐ.வி. தடுப்பு மையத்தில் புது ஊசி வாங்க வாரம் தவறாமல் போவான். அங்கே ஊசி கொடுப்பவளுக்கு ஊசி அக்கா என்றே பெயர். அவள் கூடவே ஆணுறையையும் நீட்டினால் மட்டும் ஐயாவுக்கு ரோஷம் வந்துவிடும்.

"எனக்கு எதுக்குக்கா? நான் என்ன ஊர் மேயறவனா? வீட்ல பொண்டாட்டி இருக்கா."

"அவளுக்காகத்தான் சொல்றேன்."

"என் ஊசிய எவனையும் தொட விடமாட்டேன். எப்படிப் போடுவோம்னு காட்டட்டுமா?"

வெறும் தண்ணீரை வைத்துக் காட்டினான். கூட்டாளிகளுக்கு ஆளுக்கொரு ஊசி. நடுவில் ஒரு பாட்டில் மூடியில் தண்ணீர். கலக்குவதற்கு அதிலிருந்துதான் எடுப்பது. போட்டு முடித்த ஊசியை அலசுவதும் அதிலேயே.

"மூடி யாரோடது?"

"அது பொதுக்கா."

அக்காவின் முகம் மாறியதைப் பார்த்ததும் மூடியைக் கீழே வைத்தான்.

"ஊசிதான் தம்பி வேற வேற. ரத்தம் அந்தத் தண்ணியில ஒண்ணாத்தான கலக்குது."

அன்றே பரிசோதித்தார்கள். எச்.ஐ.வி. இல்லை. ஆனால் புதிதாகத் தொற்றியிருந்தால் உடனே தெரியாது, மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை மனைவியிடம் ஆணுறை இல்லாமல் போகாதே என்றாள் அக்கா. ஆணுறைப் பெட்டியை வாங்கிச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டான்.

ஊசியை விட்டாச்சு என்று மனைவியிடம் சத்தியம் செய்திருந்தவன் அவன். அதை நம்பித்தான் அவள் குழந்தைக்கு ஆசைப்பட்டு மாத்திரையை நிறுத்தியிருந்தாள். இவனோ தலைவலி, முதுகுவலி என்று சாக்குச் சொல்லித் தள்ளிப் படுத்தான். பாவி, வாயைத் திறந்து தொலைத்திருக்கலாம்.

ஒரு நாள் காலை அவள் துவைக்க எடுத்த சட்டையிலிருந்து பெட்டி விழுந்தது.

"யாருங்க அவ?"

ஆமாம், ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. காலில் விழுந்து சமாளித்துவிடலாம். ஆனால் இவள் பரிசோதனைக்குப் போகாமலே இருந்துவிட்டால்?

"யாரும் இல்ல. ஊசி. நான் விடவே இல்ல." மூடி, தண்ணீர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவள் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பொம்பளைன்னா போய் நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேன். இத யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அவன்தான் அழுதான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"கிளம்பு. எனக்கும் பாக்கணும்." வாங்க போங்க எல்லாம் அதோடு போயிற்று.

மையத்தில் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டாள். தனக்கு வந்திருந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அவளுக்கு மட்டும் வேண்டாம் என்று பெஞ்சில் கிடந்து தவித்தான். கதவு திறந்தது.

"இப்போதைக்கு இல்லையாம்" என்றாள்.

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் இழுத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. ஆனா அடுத்த தடவ டெஸ்டுக்கு என்னை விட்டுட்டுத் தனியா வந்தே, அவ்வளவுதான்."