தெளிந்த தொட்டி

விடிந்தும் விடியாததுமாக, அவள் கழிவுத் தொட்டியின் விளிம்பில் நின்று நானோ பொடி மூட்டையைக் கவிழ்த்தாள். இரும்பை மாவினும் மெல்லியதாக அரைத்த புதுப் பொடி. முகத்தில் கட்டிய துணியையும் மீறி நாக்கில் கரித்தது. கீழே, சிப்ஸ் கம்பெனி கழித்துவிட்ட கிழங்குமாவும் எண்ணெயும் புளித்து நாறின.

இரும்பு ஏணியை இரண்டு முறை தட்டினாள். மேலே நிற்பவர் தட்டினால், உள்ளே இறங்கியவர் பதிலுக்குத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கயிற்றை இழுப்பார்கள். தொட்டி வேலையில் அதுதான் வழக்கம். இப்போது உள்ளே யாருமில்லை. இருந்தும் தினம் தட்டுவாள். சில நாள் பதில் வந்ததுபோல் இருக்கும். அன்றெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது.

கணவன் தொட்டிக்குள் இறங்கவே இல்லை, கம்பெனி கேட் அருகே நெஞ்சுவலியில் விழுந்தான் என்று முதலாளி சாதித்திருந்தார். வீட்டுக்கு வந்த உடலில் ஒரு கால் மட்டும் வெறுங்காலாக இருந்தது. ஏனென்று கேட்க அன்று அவளுக்குத் தெம்பில்லை.

காந்தத் தட்டை இழுத்தாள். பொடி அழுக்கைக் கவ்விக்கொண்டு கருந்தாடியாகத் தொங்கியது. வெயில் ஏறியபோது அடிவரை தெரிந்தது.

மண்டியில் பாதி புதைந்து ஒரு ரப்பர் பூட்ஸ். குதிகாலில் சிவப்பு ஒட்டு. சைக்கிள் டியூபை வெட்டி அவள் ஒட்டியது.

"கண்ணாடி மாதிரி இருக்கே!" முதலாளி பின்னால் வந்து நின்றார். "தண்ணிய வடிச்சிட்டு யாராவது இறங்கி மண்டிய அள்ளுங்க. மதியம் அதிகாரிங்க வராங்க."

"முகமூடி, கயிறு?" என்றார் வால்வுக்கார அண்ணன்.

"தெளிஞ்ச தண்ணிக்கு என்னய்யா முகமூடி?"

"அப்ப நீங்களே ஒரு முழுக்குப் போடுங்க சார். சோப்பு நான் தரேன்."

கொட்டகை வாசலில் நின்ற கிழங்கு உரிக்கும் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"கேட் பக்கத்துல விழுந்தவரு பூட்ஸ் இதுக்குள்ள எப்படி சார் வந்துச்சு?"

முதலாளி எட்டிப் பார்த்தார். "வால்வத் திற! கழிவ உள்ள விடு!"

அண்ணன் வால்வுச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "அதிகாரிங்க பாக்கட்டும் சார். அதுவரைக்கும் இது சுத்தாது."

"நாளைக்கு ஒருத்தனுக்கும் கேட் திறக்காது!"

"தங்கச்சி, நீ இங்கயே நில்லும்மா," என்றாள் உரிக்கும் அக்கா. "கழிவு வந்தாத்தானே கலங்கும்? நாங்க மெஷின நிறுத்தறோம்." பெண்கள் உள்ளே போனார்கள். இரைச்சல் அடங்கியது.

அந்த அமைதியில் அவள் கை தானாக ஏணியை இரண்டு முறை தட்டியது.

பூட்ஸ் அசையவில்லை.

வால்வுக் குழாயிலிருந்து இரண்டு தட்டு வந்தது. பிறகு கொட்டகையிலிருந்து, இரும்பு மேசைகளின் மேல் கத்திப்பிடிகள், எல்லாம் சேர்ந்து, இரண்டு முறை.