உள்ளங்கை மஞ்சள்

என் வீட்டுக்காரர் செல்லசாமி சோற்றுத் தட்டை நீட்டியபோதுதான் பார்த்தேன், உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. குழம்புக் கறையாக இருக்கும் என்று விட்டேன். சாப்பிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி வந்த பிறகும் அதே மஞ்சள். காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். உள்ளங்காலும் அப்படியே.

என் அப்பாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. குடி, பிறகு மஞ்சள்காமாலை, நாற்பதே நாளில் எல்லாம் முடிந்தது.

"திரும்பவும் தொடங்கியாச்சு, இல்லியா?" என்றேன்.

செல்லசாமி முழித்தார். "எடி ஷியாமளா, மூணு வருசமாட்டு நான் தொட்டதில்ல. சத்தியமாட்டு."

சத்தியமாம்! இந்த மனிதர் குடித்த காலத்தில் செய்த சத்தியங்களை அடுக்கினால் எங்கள் ஊர் காரோட்டிலிருந்து பாறசாலை வரைக்கும் மதில் கட்டலாம். நிறுத்திவிட்டேன் என்று மூன்று வருடம் முன்பு சொன்னபோது நம்பினேன். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாலிஹவுஸுக்குள் போய்விடுவார். கிருஷிபவன் என்ற விவசாய அலுவலகத்தின் உதவியோடு பிளாஸ்டிக் கூரை போட்டு, உள்ளே சிவப்பும் மஞ்சளுமாகக் காப்சிகம் வளர்க்கிறோம், அதுதான், குடைமிளகாய். அங்கே ஒரு மணிநேரம் தனியாக என்ன வேலை என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

காமாலை என்றால் எங்கள் வீட்டில் முதலில் ஆசுபத்திரி இல்லை. கீழாநெல்லி, மோர், உப்பில்லாப் பத்தியம். விடிந்ததும் அரைத்துக் கலக்கி அவர் முன்னால் டங்கென்று வைத்தேன். கஞ்சியில் உப்பில்லை, பயற்றில் உப்பில்லை, என் முகத்தில் சிரிப்பும் இல்லை. மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் விழுங்கினார். அந்த அடக்கமே என் சந்தேகத்தைக் கூட்டியது. தப்புச் செய்யாதவன் இப்படிப் பேசாமல் இருப்பானா?

ஐந்து நாள் பத்தியம் இருந்தும் மஞ்சள் குறையவில்லை, கூடியது. ஆட்டோ பிடித்துக் காரக்கோணம் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"நான் சொல்லுகத கேளு..." என்று வழியில் ஆரம்பித்தார்.

"மிண்டாதீங்க, ஒண்ணும் பேசண்டாம்" என்றேன். சேலைத் தலைப்பு முழுக்க நனைந்திருந்தது.

டாக்டர் பிந்து சின்ன வயதுக்காரி. என் வீட்டுக்காரரின் இமையை இழுத்துப் பார்த்து, "கண்ணு நல்ல வெள்ளையாட்டு இருக்கே" என்று ரத்தம் எடுக்க அனுப்பினார். மூன்று மணிநேரம் காத்திருந்தோம். நான் வேண்டாத சாமி இல்லை. ஆள் பிழைத்தால் போதும், குடித்தால்கூடப் பரவாயில்லை என்றும் ஒரு தடவை வேண்டிவிட்டேன்.

"மஞ்சக்காமாலை இல்ல சேச்சி. லிவர் நல்லாட்டு இருக்கு" என்றார் டாக்டர், காகிதத்தைப் பார்த்து. பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "கேரட், பப்பாளி எதாவது நெறய தின்னுவீங்களா?"

அவர் தலையைக் குனிந்தார். "காப்சிகம் டாக்டரே. பச்சையாட்டு. இந்தத் தடவ நல்ல காய்ப்பு, ரெண்டு மாசமாட்டு தினம் ஆறேழு."

"ஆறேழா?"

"இந்த அஞ்சு நாளா பத்து பன்னெண்டு. இவ கஞ்சியில உப்பு போடல்ல. வாய்க்கு ஒரு ருசி வேண்டாமா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "காப்சிகம் நல்லதாக்கும். ஆரஞ்சைவிட வைட்டமின் சி கூடுதல் உண்டு, கண்ணுக்கும் நல்லது. ஆனா அந்த நெறம் தோல்ல ஏறுத அளவுக்கா தின்னுவாவ? நாளுக்கு ஒண்ணு போதும். கொஞ்ச வாரத்துல மஞ்சள் தன்னால போவும்."

எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. அடுத்த நிமிடம் கோபமும் வந்தது. "ஆறேழு தின்ன அப்பிடி என்ன கொதி, அப்பிடி என்ன ஆசை?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆறு மணி ஆனா கை அந்தக் கிளாஸத் தேடும், ஷியாமளா. கடைக்குப் போ போன்னு சொல்லும். அப்போ ஒண்ணப் பறிச்சுக் கடிப்பேன். அது தீந்தா அடுத்தது. ஏழு மணி ஆனா சரியாயிரும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

"மூணு வருசம் கழிஞ்சும் கை தேடுதுன்னு சொன்னா நீ பயப்படுவல்லா."

ஐந்து நாளாக உப்பில்லாக் கஞ்சியை அவர் முன்னால் டங்கென்று வைத்த சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்றைக்கு ஆறு மணிக்கு நானும் பாலிஹவுஸுக்குப் போனேன். கையில் கத்தியும் ஒரு கிண்ணம் உப்பும். நல்ல சிவப்புக் காப்சிகம் ஒன்றைப் பறித்து இரண்டாக வெட்டி, பாதியை அவரிடம் நீட்டினேன்.

"இதுதான் இன்னைக்குள்ளது. உப்புத் தொட்டுத் தின்னுங்க."

"ஏழு மணி வரைக்கும் இது போதுமா?"

"பின்ன நான் எதுக்கு வந்திருக்கேன்? நான் நெனச்சது தப்பாக்கும். இனி கை தேடினா எங்கிட்ட சொல்லணும்."

அவர் உப்பைத் தொட்டு ஒரு கடி கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஏதேதோ பேசினோம். ஏழு மணி ஆனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.