கேள்விக்குறியாகிப்போன பதிவுகள்

பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் கூடம் அது. அங்கே பதிவுகளைச் சேமித்துவைக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கு, மென்பொருளைப் புதுப்பித்த மறுநாள் காலையே தலைவலி பிடித்துக்கொண்டது. வாசிப்பவர்கள் எல்லாரும் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தார்கள். அவை கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. தமிழில் பெயர் வைத்த ஒரே ஆளின் பதிவுகள் மட்டும் பெயர் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாக மாறி, திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தன. அந்த ஒரே ஆள் அவருடைய மனைவி.

"இங்கிலீஷ்லயே பேர் வையேன்" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார், அவள் இங்கே வாசித்த காலத்தில். அவள் கேட்டால்தானே! ஆச்சரியக்குறி, அடைப்புக்குறி எல்லாம் போட்டுத்தான் வைப்பாள். போன வருஷம் வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தபோது, "நீங்களும் வாங்க" என்றாள்.

"அப்புறம் இந்த சர்வரை யார் பாத்துக்கிறது?"

"அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க."

போய்விட்டாள். அவரும் அப்படியே கட்டிக்கொண்டு அழுகிறார், யாருக்கும் தெரியாமல். போனில் பேச்சு "சாப்டீங்களா" என்பதோடு சுருங்கி, பிறகு அதுவும் நின்றது. முதலில் யார் கூப்பிடுவது என்பதில் இரண்டு பேருக்கும் வீம்பு.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன பேர் வெச்சாங்கன்னு உங்க வீட்ல கேட்டா முடிஞ்சுது. ஒரு போன் போடுங்களேன்."

அது தேவையே இல்லை. உடைந்த பெயர்களைச் சரிசெய்யும் நிரலை எப்போதும் இவர் முதலில் ஒத்திகையாகத்தான் ஓட்டுவார். எது எப்படி மாறும் என்று திரையில் காட்டும், ஆனால் எதையும் தொடாது. அன்றும் ஓட்டினார். பெயர்கள் உயிர்பெற்று வரிசையாக வந்தன. 'தொண்டை கட்டியிருக்கு (நாளைக்கு மறுபடி)'. 'இந்த அத்தியாயத்துல அழுதுட்டேன்!' 'இவர் கதவைத் தட்டிக் கெடுத்தது'.

நிஜமாக ஓட்டும் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. கூப்பிடச் சாக்கும் போய்விடும். அவர் போனை எடுத்தார்.

"சொல்லுங்க" என்றாள். குரல் கறாராக இருந்தது.

"சர்வரை புதுப்பிச்சோம். உன் ஃபைல் பேரெல்லாம் உடைஞ்சு போச்சு. என்ன பேர் வெச்சேன்னு..."

"ஒத்திகை ஓட்டிப் பாக்காம நீங்க தண்ணி கூட குடிக்கமாட்டீங்களே. பேர் தெரிஞ்சிருக்குமே?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். "தெரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு போன்?"

"உன் குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு."

"அதான் சர்வர் பூரா நெறஞ்சு கெடக்கே. போட்டுக் கேளுங்க."

"அது யாருக்கோ வாசிக்கிற குரல்" என்றார். "என்னைத் திட்டுற குரல் அதுல ஒண்ணுலயும் இல்ல."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அறிவிருக்கா உங்களுக்கு?" என்று வெடித்தாள். "ஒரு வருஷமா அந்தப் பெட்டிக்குக் காவல்! கெளம்பி வர ஒரு டிக்கெட் எடுக்கத் தெரியாதா?"

"சரியாயிடுச்சா?" என்று கேட்டபடி மேலாளர் உள்ளே வந்தார். கண்ணைத் துடைக்காமலேயே, பேசாதீர்கள் என்று மேலாளருக்குக் கையைக் காட்டினார். அவள் இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.