எக்ஸ்ரே அக்காவின் கதவு

எக்ஸ்ரே அக்கா குடியிருந்த எந்த வீட்டின் வாசல்கதவும் அவளுக்குத் தெருவைப் பார்த்துத் திறந்ததில்லை. மற்றவர்களுக்கு ஒழுங்காகத்தான் திறந்தது. அவள் தாழ்ப்பாளை நீக்கினால் மட்டும், அந்த வயதில் மனசு எதற்கு ஏங்கியதோ அங்கே திறக்கும். அக்கம்பக்கத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து வயதில் அது அம்மா வேலை பார்த்த சலவைக்கடைக்குள் திறந்தது. அம்மா ஒரு கையால் இஸ்திரிப் பெட்டியைத் தள்ளிக்கொண்டே மறுகையால் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். பதினேழில், கூட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துத் திறந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். இருபத்து நாலில் ஒரு பஸ் டிரைவரின் வண்டிக்குள் திறந்தது. அந்த வருடமே அவரைக் கட்டிக்கொண்டாள்.

முப்பதுக்குப் பிறகு அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையைத் தவிர வேறெங்கும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கக் கிளம்பினாலும் உடைந்த கையோடு யாராவது காத்திருப்பார்கள். பையை ஆணியில் மாட்டிவிட்டு, "மூச்சை அடக்குங்க" என்பாள். தன்னை விட்டால் அங்கே ஆளில்லை என்று அவளுக்கு ஒரு மிதப்பு. மகள் பள்ளியில் பரிசு வாங்கிய அன்றும் அப்படித்தான்.

"உன் கதவு ஒரு நாளாவது என் ஸ்கூல்ல திறந்துச்சாம்மா?" என்று கேட்ட மகள், வேலை கிடைத்ததும் ஒன்பது மணி நேரத் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். அப்பா இறந்தபோது வந்து போனதோடு சரி.

அக்கா ஓய்வு பெற்ற மறுநாளே கதவுக்குப் பித்துப் பிடித்தது. காலையில் ரயில் மேடை, மத்தியானம் யாருடையதோ மொட்டைமாடி, சாயங்காலம் பூட்டிய நூலகம். திறப்பதும் சாத்துவதுமாக நாலு மாதம் நிலைகொள்ளாமல் தவித்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை கதவைத் தொடவே இல்லை. ஸ்டூலைப் போட்டு, கம்பியில்லாத சமையலறை ஜன்னல் வழியாக இறங்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மகள் முதலில் முழங்காலைத்தான் பார்த்தாள். "என்னம்மா இது?"

"ஜன்னல் வழியா குதிச்சேன். கதவை நம்பல. நானா வரணும்னு வந்தேன்."

மகள் பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து உட்கார்ந்தாள். துடைத்துக்கொண்டே, "பரிசு வாங்கின அன்னைக்கு மேடையில நின்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

"வேலை இருந்துச்சுன்னு பொய் சொல்லமாட்டேன்டி. எனக்கு அங்க இருக்கத்தான் பிடிச்சிருந்துச்சு."

மகள் அழுதாள். மருந்து போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அக்கா ஊர் திரும்பிய மறுவாரம் கதவு மகளின் சமையலறைக்குள் திறந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"செருப்பை வெளிய விட்டுட்டு வாம்மா. இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

ஒன்பது மணி நேரத் தூரத்திலிருந்த தன் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அக்கா வந்து அரிவாள்மணையை எடுத்துக்கொண்டாள்.