கிளாம்புக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. திருப்பதிக்கு வெளியே புதிதாக வரப்போகும் ஆலைக்கு அடியில் பாறை எப்படி இருக்கிறது என்று பார்க்க, நாகலாபுரத்து ஆட்கள் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே தொங்கும் இரும்பு ராடுகளை மேலே இழுத்து ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, மிச்சம் உள்ளே விழாமல் துளைவாயில் ஒரு கிளாம்பு பல்லால் கவ்விப் பிடிக்கும். மிதியை மிதித்தால் திறக்கும், காலை எடுத்தால் கவ்வும்.

கருப்பனுக்கு அந்தக் கிளாம்புதான் சாமி. இத்தனை வருஷம் கையைக் காப்பாற்றிக் கொடுத்தது. அடுத்த மாதம் குவைத்தில் இதே வேலைக்குப் போகிறான். அந்த நன்றியில், முந்தின நாள் பல் இடுக்கெல்லாம் நல்லெண்ணெய் விட்டுத் துடைத்து, சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தான். அந்தப் பல்லில் எண்ணெய் படக்கூடாது என்று தெரியாதவனா? பக்தி முற்றினால் புத்தி லீவு போட்டுவிடுகிறது. காலையிலும் யாரும் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததை எவன் துடைப்பான்?

ராடுகள் நழுவின. தடித்த இணைப்பு ஒன்று கிளாம்பின் மேல் இறங்கி, கருப்பனின் வலது கை விரல்களை நடுவில் மாட்டிக்கொண்டது.

மிதியருகே நின்றவன் ரமணா, கருப்பனின் மச்சினன்.

"தொக்கொத்துரா!" மிதிக்காதே என்று சூப்பர்வைசர் தெலுங்கில் அலறினார். "ராட்லு போத்தே அந்தரூ இண்டிகே!" ராடுகள் போனால் எல்லாரும் வீட்டுக்குத்தான். ராடின் தலையில் கொக்கியைத் திருகி மாட்டி மேலே தூக்கச் சொன்னார். கொக்கியைத் திருகினால், எண்ணெய்ப் பல்லுக்குள் ராடும் சேர்ந்து சுற்றியது. சுற்றச் சுற்ற இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒரு விரல் நசுங்கியது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது.

"மிதிடா ரமணா! பாத்துகினே நிக்கிறியே, மிதிடா!" கருப்பன் கத்தினான்.

கருப்பன் போனதும் அவன் இடம் உனக்குத்தான் என்று சூப்பர்வைசர் நேற்றுதான் ரமணாவிடம் சொல்லியிருந்தார். பாழாய்ப்போன மனசு, மாமன் துடிக்கும்போதும் அதைத்தான் நினைத்தது. கால் எழவில்லை.

கருப்பன் கத்துவதை நிறுத்தினான். அதற்கப்புறம்தான் ரமணா மிதித்தான். ஆட்கள் கையை வெளியே இழுக்க, ராடுகள் தடதடவென்று அடியில் போய் விழுந்தன.

திருப்பதி ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாலேயே கையை விடுவித்திருந்தால் இரண்டு விரலாவது மிஞ்சியிருக்கும் என்று டாக்டர் ரமணாவிடம் மட்டும் சொன்னார். இனி எந்தக் குவைத்து?

சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிய ரத்னம்மா, புருஷனைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு தம்பியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வேல போனா போவுதுன்னு மிதிச்சியாமே நைனா. வெளிய நிக்கிறவங்க சொன்னாங்க. நீ மட்டும் இல்லன்னா அவரு கையே போயிருக்கும்டா."

ரமணா கட்டிலைப் பார்த்தான். கருப்பன் விழித்துத்தான் இருந்தான், எல்லாம் காதில் விழுந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.