யார் போட்ட சோறு

"யாரு போடுற சோத்தத் தின்னுட்டு இருக்க?" என்று முப்பத்தைந்து வருடம் என்னைக் கேட்ட மனிதரை ஒருவழியாக ஓய்வூதிய அலுவலகத்தில், பக்கத்து நாற்காலியில் கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சோறு போட்டவரைப் பார்த்து "கொச்சிசோசமா" என்று நன்றி சொல்வது எங்கள் வழக்கம். மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லும். இவர் ஒரு நாளும் சொன்னதில்லை. என் சோற்றுக்கு நானே நன்றி சொல்லிக்கொள்வதா என்பார். பேர் மொச்சிஸுகி கியோத்தாகா. சிமிசு துறைமுகத்தில் தூண்டில் கடை முதலாளி. முதலாளி என்றால் வாடிக்கையாளர்களோடு தேநீர் குடிப்பவர்.

எங்களுக்கு விவாகரத்தாகி எட்டு மாதம். அவர் ஓய்வூதியத்தில் பாதி கேட்கும் யோசனை ஹட்சுமியுடையது. டின் மீன் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று சூரை மீனுக்கு முள் எடுத்தவள். அவளுடைய முன்னாள் கணவர் ரயில்வேக்காரர். கல்யாண காலத்தில் சேர்ந்த ஓய்வூதியத்தில் அவளுக்குப் பாதி வந்துவிட்டது.

"விட்றாதடி சொனோயே! அந்தாளு தொண்டையில கைய விட்டாவது பாதிய வாங்கு."

எனக்கும் அடுத்த மாதம் முதல் ஓய்வூதியம் வரும். அதை நம்பித்தான் மேட்டில் கடல் தெரியும் ஒற்றை அறை வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவருடையதிலும் பாதி வந்தால் ஒரு பூனை வளர்க்கலாம் என்று ஆசை.

கவுண்டர் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடைக்காரங்களுக்கு அடிப்படை ஓய்வூதியம் மட்டுந்தாங்க. அதைப் பிரிக்க முடியாது. சம்பளத்துல பிடிச்ச பங்கைத்தான் பிரிக்கலாம். அது அம்மா பேர்ல மட்டுந்தான் இருக்கு."

"அப்படின்னா?" என்றேன்.

"பிரிச்சா, அம்மாவோடதுலேருந்து ஐயாவுக்குப் போகுங்க. பாதி வரைக்கும்."

வேலை மார்ச்சோடு போய்விட்டது. பாதி போனால் பூனை என்ன, வீடே இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே!

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஓகோ. இவ காசு எனக்கா?"

"ரெண்டு பேரும் சம்மதிக்கணுங்க. இல்லேன்னா குடும்ப நீதிமன்றம் போகலாம்."

"யாரும் கேக்காம விட்டா?"

"கேக்குறதுக்கு ஒரு கெடு இருக்குங்க. அது தாண்டினா அப்படியே அம்மாவுக்குத்தான்."

"அந்த ஃபாரத்த ஒண்ணு கொடும்மா." வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தப் பையையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

"பசிக்குது" என்று எதிரே இருந்த, சோபா என்னும் நூடுல்ஸ் விற்கும் கடைக்குள் நுழைந்தார். இறால் பொரித்துப் போட்டதாக இரண்டு கிண்ணம் சொன்னார். மேசை ஒரு பக்கமாக ஆடியது; குழம்பு தளும்பியது. எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

"மொச்சிஸுகி சான், கோர்ட்டுக்குப் போறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் வீட்டக் காலி பண்ணணும். பூனை வளக்குற ஆசையையும் விட்றணும்." வேற்று ஆளை அழைப்பதுபோல் பேரோடு 'சான்' என்று மரியாதை சேர்த்தேன்.

"என்னாடி சான் சூன்னுகிட்டு!" முறைத்தார். பிறகு குரல் இறங்கியது. "புயல் அடிச்சு ஒரு பயலும் தூண்டில் போட வராத மாசமெல்லாம் கடை வாடகை யாரு சம்பளத்துல போச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். வாயில வரல."

"முப்பத்தஞ்சு வருசமாவா வரல?"

"கல்லு மாதிரி அடைச்சுக்கிச்சு. விடு."

பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தார். நாலாக, எட்டாக மடித்தார். குனிந்து மேசைக் காலுக்கு அடியில் திணித்தார். மேசை ஆட்டம் நின்றது.

"பூனைய வாங்கு. இரை மீன் மிஞ்சினா கொண்டாந்து தரேன்" என்றார்.

என் கண் நிறைந்துவிட்டது. அதை அந்த ஆளுக்குக் காட்டவில்லை. பசி வந்துவிட்டதால் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

பில்லை நான்தான் கொடுத்தேன். அவர் தடுக்கவில்லை. வாசலில் செருமினார், செருப்பைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தார்.

"கொச்சிசோசமா."